டீம் இருக்கு, கிளப் எங்கே?

2021 ஏப்ரலில் இலங்கையின் முதலாவது தொழில்முறை உதைபந்தாட்டத் தொடர் என்று சொல்லி சூப்பர் லீக் தொடங்கியது. மொத்தம் 10 கிளப். அந்தப் பட்டியலை ஒருக்கா மெதுவாக வாசித்துப் பாருங்கள். டிஃபென்டர்ஸ் இராணுவத்தின் டீம், சீ ஹோக்ஸ் கடற்படை, புளூ ஈகிள்ஸ் விமானப்படை. கொழும்பு எஃப்சி, ரினோன், ரட்னம் மூன்றும் கொழும்பு. புளூ ஸ்டார் களுத்துறை, ரெட் ஸ்டார் பேருவளை, நியூ யங்ஸ் வென்னப்புவ, அதாவது மூன்றும் மேற்குக் கரையோரம். யாழ்ப்பாணத்தில் இருந்து ஒன்றுகூட இல்லை. மட்டக்களப்பு, திருகோணமலை இல்லை. உதைபந்து என்றால் உயிரை விடும் ஊர்கள் இவை.

மீதி இருப்பது ஒன்றே ஒன்று. அப்கன்ட்ரி லயன்ஸ், நாவலப்பிட்டி.

நாங்கள் பத்துப் பேரும் அந்தப் பெயரை முதல் தரம் பார்த்தபோது கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தோம். நாவலப்பிட்டி எங்களுக்குப் பழகின டவுன். ஹட்டனில் இருந்து கண்டிக்குக் கோச்சி ஏறினால் மலை இறங்கி முடிகிற இடம். 1874 இல் ரயில் பாதை அங்கே வந்து நின்றது. அதற்கு மேலே ஹட்டனுக்கு ஏற இன்னும் 10 வருஷம் எடுத்தது, அடுத்த வருஷம் நானுஓயா. கோப்பியும் தேயிலையும் இறங்கிய பாதை அது. எங்கள் முப்பாட்டன்மார் ஏறிய பாதையும் அதுதான். அந்த டவுனுக்கு ஒரு கிளப். ஜயதிலக்க மைதானம் என்று சொந்த ஊர் கிரவுண்ட். ஆனால் அந்த வருஷக் கிண்ணம் களுத்துறைக்குப் போனது. புளூ ஸ்டார் அடுத்த வருஷம் ஏஎஃப்சி கிண்ணத்தின் தகுதிச் சுற்றுக்குப் போய், காத்மண்டுவில் நேபாளக் கிளப்பை வென்று, கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 5-0 என்று அடி வாங்கித் திரும்பியது. அந்த அடியைக்கூட நாங்கள் பொறாமையோடுதான் பார்த்தோம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'அப்கன்ட்ரி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு சனம் இருக்கிறது. சிங்களத்தில் 'உடரட்ட' என்றால் கண்டி ராஜ்ஜியத்துச் சிங்களவர் ஞாபகம் வரும். தமிழில் மலைநாடு, மலையகம் என்றால் நாங்கள். 'லயன்ஸ்' என்று வேறு போட்டால் கொடியில் இருக்கும் சிங்கம் நினைவுக்கு வரும். எங்களில் ஒருத்தி, "லயன் என்றால் எனக்கு லயத்துக் காம்பராதான் ஞாபகம் வருது" என்றாள். சிரித்தோம். ஆனால் யோசித்தால், அந்தப் பெயருக்குள் உடரட்டக்காரனும் தோட்டத்துப் பொடியனும் ஒரே ஜெர்சியில் நிற்க இடம் இருக்கிறது. அப்படி இடம் வைத்த பெயர்கள் இந்த நாட்டில் அதிகம் இல்லை. அதனால் எங்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டங்களில் யாரைக் கேட்டாலும் லிவர்பூலின் பெஞ்சில் இருப்பவன் வரை பெயர் சொல்வான். அப்கன்ட்ரி லயன்ஸின் கோல்கீப்பர் யார் என்று கேட்டால் முழிப்பான். இங்கிலாந்தில் ராத்திரி 8 மணி மெட்ச் என்றால் எங்களுக்கு மாரிகாலத்தில் விடியச்சாமம் 1.30. போன் டேட்டா முடிகிற மட்டும் பார்த்துவிட்டு, விடிய அம்மா பெரட்டுக்குக் கிளம்பும்போது எழும்ப முடியாமல் கிடப்பார்கள். லிவர்பூல்காரர்கள் 1990 க்குப் பிறகு லீக் கிண்ணத்துக்கு 30 வருஷம் காத்திருந்து 2020 இல் எடுத்தபோது, அந்த 30 வருஷத்தில் 10 வருஷம்கூட வாழாத பொடியன்கள் இங்கே அழுதார்கள். அதை நக்கலடிக்க நாங்கள் விரும்பவில்லை. காத்திருப்பு என்றால் என்ன என்று இங்கே பிறந்தவனுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கேள்வி வேறு. காத்திருப்பதற்கு என்று சொந்தமாக ஒரு கிளப் ஏன் எங்களுக்கு இவ்வளவு காலம் இல்லாமல் போனது?

மலையகத்தில் கிளப் இல்லாமல் இல்லை. நிறைய இருந்தது, துரைமாருக்கு. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலேயே டிக்கோயா-மஸ்கெலியாத் துரைமாருக்கு டரவளையில் ஒன்று, டிம்புள்ளைத் துரைமாருக்கு ராதெல்லயில் ஒன்று. கிரிக்கெட், ரக்பி, டெனிஸ். நுவரெலியாவில் 1876 இல் ஹில் கிளப். அதில் 1960கள் வரை உள்ளூர்க்காரர் யாரும் அங்கத்தவராக முடியாது, எவ்வளவு காசு இருந்தாலும். மலைச்சரிவில் சமதரை எவ்வளவு அபூர்வம் என்று இங்கே நடந்தவனுக்குத் தெரியும். இருக்கிற சமதரையில் முதலாவது ஸ்டோர், பிறகு பங்களா, பிறகு துரைமாரின் கிரவுண்ட். அந்த கிரவுண்டை வெட்டிச் சமப்படுத்தியது யாருடைய மண்வெட்டி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் சனத்துக்குக் கிடைத்தது பெரட்டுக்களம். விடியப் பேர் போடுகிற இடத்தில் பின்னேரம் போல் உருளும். பந்து ஓடுவதற்குக் கிரிக்கெட் மாதிரிச் சாமான் தேவையில்லை, ரக்பி மாதிரி அளவான புல்லும் தேவையில்லை. பழந்துணிச் சுருட்டு, பிறகு பிளாஸ்டிக் போல், பிறகு எப்போதாவது தோல் பந்து. பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போனால் கடைசியாக உதைத்தவன் போய் எடுத்து வர வேண்டும், அட்டைக்கடியோடு. எந்த எஃப்ஏ புத்தகத்திலும் இல்லாத சட்டம் இது. எல்லாத் தோட்டத்திலும் உண்டு. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே அதிகம் மழை கொட்டுகிற இடங்கள். அங்கே உதைபந்து விளையாடிய ஒருவருக்குச் சேற்றில் பந்தை நிறுத்தத் தெரியாவிட்டால்தான் ஆச்சரியம்.

இப்படி டீம் எப்போதும் இருந்தது. மேல் டிவிஷனுக்கு ஒன்று, கீழ் டிவிஷனுக்கு ஒன்று. தீபாவளி லீவுக்கு, பொங்கலுக்கு, திருவிழாவுக்குக் கொழும்புக் கடைகளில் நிற்கிற பொடியன்கள் ஊருக்கு வருவார்கள். அணிக்கு எழுவர் போட்டி நடக்கும். லீவு முடியக் கோச்சியும் போகும், டீமும் போகும். பதினொரு பேர் சேர்ந்தால் டீம் ஆகிவிடும். கிளப் ஆவதற்கு வேறு சில சாமான் வேண்டும். பதிவு வேண்டும். யாப்பு, செயலாளர், பேங்க் கணக்கு, விலாசம். அடுத்த வருஷமும் இதே கிரவுண்ட் எங்களுக்குத்தான் என்று சொல்லக்கூடிய ஒரு கடதாசி. இதில் எது எங்கள் சனத்தின் கையில் இருந்தது?

1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் மலையகம் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அந்த வாக்கே இல்லாமல் போனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். அந்தப் 'பிறகு' 1974 இல் வந்து பாதிப் பாதியாகப் பிரிந்தது. எங்களில் ஒருவனின் தாத்தாவிடம் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. தோட்டத்து டீமின் கணக்கு. போல் வாங்கச் சேர்த்த காசு, ஆளுக்கு இவ்வளவு என்று. பின்பக்கத்தில் 14 பெயர். அதில் 6 பெயருக்கு நேரே பென்சிலில் 'இந்தியா' என்று எழுதியிருக்கிறது. வேறு விளக்கம் ஒன்றும் இல்லை. ஒப்பாரிக் கோச்சி என்று சனம் பெயர் வைத்த ரயிலில் தலைமன்னாருக்குப் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம் தாண்டி, கோத்தகிரி, கூடலூர் என்று இன்னொரு தேயிலை மலைக்கு ஏறியவர்கள். அங்கேயும் விளையாடியிருப்பார்கள் என்றுதான் தாத்தா நம்புகிறார். கொப்பியில் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் 'கோல் 3' என்றும் இருக்கிறது.

பிறகும் நிலம் கை மாறிக்கொண்டே இருந்தது. 1970களில் அரசாங்கம் எடுத்தது, 1992 இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது. கிரவுண்டுக்கு அனுமதி கேட்டு நிற்கிற வாசல் மட்டும் மாறவில்லை, அது தோட்டத்து ஒஃபீஸ் வாசல்தான். கடிதமும் அங்கேதான் வரும். லயத்துக்கு இலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை, ஆகவே தபால்காரன் ஒஃபீஸில் கொடுத்துவிட்டுப் போவான். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதை எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு. லீக்கில் இருந்து வருகிற கடிதத்துக்கு மட்டும் வேறு வழி இருக்குமா?

இந்த இடத்தில் ஸ்கொட்லாந்துக்கு ஒரு எட்டுப் போய் வரலாம். போக வேண்டிய காரணம் எங்கள் தோட்டங்களின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது. பல்மோரல், டன்கெல்ட், லொக்நகர், கிளென்கெயன் என்று பாதி ஸ்கொட்லாந்தை இங்கே நட்டு வைத்திருக்கிறார்கள். முதல் தேயிலையை வியாபாரமாகப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அங்கிருந்து வந்தவர்தான். அவர்கள் இங்கே துரைமாராக இருந்த அதே காலத்தில், அவர்களின் நாட்டில் கூலிகளாக இருந்தது ஐரிஷ் சனம். உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்து கிளாஸ்கோவின் கிழக்குப் பக்கச் சேரியில் குவிந்தவர்கள், வேற்று மதம், வேற்றுப் பேச்சு. 1887 நவம்பரில் வால்ஃபிரிட் என்ற ஐரிஷ் துறவி, ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் காசு சேர்க்க ஒரு உதைபந்துக் கிளப் தொடங்கினார். செல்டிக். முதல் கிரவுண்டை அந்தச் சனமே சம்பளம் இல்லாமல் ஆறு மாதத்தில் வெட்டிக் கட்டியது. 1888 மே மாதம் முதல் மெட்ச், ரேன்ஜர்ஸை 5-2 என்று வென்றார்கள்.

எங்களுக்குப் பிடித்த பகுதி இனித்தான். கூட்டம் வருவதைப் பார்த்த நிலச் சொந்தக்காரன் வருஷ வாடகையை 50 பவுனில் இருந்து 450 பவுனுக்கு ஏற்றினான். நீங்களே கட்டின கிரவுண்ட், நீங்களே கொண்டுவந்த கூட்டம், வாடகை 9 மடங்கு! அவர்கள் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. கொஞ்ச தூரத்தில் தண்ணீர் நிறைந்து கிடந்த ஒரு செங்கல் சூளைக் குழியை எடுத்து, வண்டி வண்டியாக மண் கொட்டி நிரப்பி 1892 இல் அங்கே மாறினார்கள். இன்றும் அதே இடம்தான். 1967 மே 25 இல் லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணம் எடுத்த செல்டிக் டீமில் இருந்த எல்லாரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள்.

கிழக்கு வங்காளத்தில் இருந்து வந்த சனத்துக்குக் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் இருந்தது போலவும் சொல்லலாம். 1920 இல் தொடங்கிய கிளப், பிரிவினைக்குப் பிறகு அகதிகளின் வீடானது. அவர்களும் பெரிய தேசியக் கிண்ணம் ஒன்றுக்கு 12 வருஷம் காத்திருந்து 2024 ஜனவரியில் சூப்பர் கிண்ணம் எடுத்தார்கள். ஆனால் கொல்கத்தாவில் பேப்பர் இருந்தது, வாக்கு இருந்தது, மைதானம் இருந்தது. ஒப்பிடும்போது இதையெல்லாம் விட்டுவிட்டு 'அவர்கள் செய்தார்கள், நாங்கள் செய்யவில்லை' என்று சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. கிளாஸ்கோ ஐரிஷ்காரனிடமும் காசு இல்லைதான். ஆனால் தேவாலய மண்டபம் ஒன்று இருந்தது, பின்னேரம் கூடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத இடம். எங்களுக்குக் கோயில் இருக்கிறது, அதன் நிலமும் தோட்டத்துடையது.

சரி, 2021 க்கு வருவோம். சூப்பர் லீக் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மார்ச்சில்தான், நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. வருஷக்கணக்கான போராட்டம் அது. கொழும்பில் 'தொழில்முறை வீரர்' என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்த நேரத்தில், இங்கே ஒரு தாய் 18, 20 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்று நின்றாள். பிறகு கொரோனா, 2022 இல் எரிபொருள் வரிசை. 2023 ஜனவரி 21 இல் ஃபிஃபா இலங்கையைத் தடை செய்தது, ஆகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. அதே ஆகஸ்ட் மாதம் 'மலையகம் 200' நடைபவனி தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. எங்களில் சிலர் அதில் கொஞ்ச தூரம் நடந்தோம். நடக்கும்போது பேச்சு காணி, வீடு, விலாசம் பற்றியே இருந்தது. ஒருவன் மட்டும், "காணி குடுத்தா ஒரு கிரவுண்ட் அளவு தனியா குடுக்கச் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வெயிலில் யாரும் பதில் சொல்லவில்லை.

நாட்டு டீமைப் பற்றியும் இதே மாதிரி ஒரு காத்திருப்பு உண்டு. 1995 இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்தது. நாங்கள் யாரும் பிறக்கவில்லை. 2021 நவம்பரில் கொழும்பில் நாலு நாட்டுப் போட்டியின் இறுதியாட்டம், சீஷெல்சுடன் 3-3, பெனால்டியில் தோல்வி. சீஷெல்சின் சனத்தொகை ஒரு லட்சம் அளவு. நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் 7 லட்சத்துக்கு மேல். இந்த 7 லட்சத்துக்குள் ஓடத் தெரிந்தவர்களைத் தேட யாராவது ஒரு நாள் ஹட்டன் கோச்சியில் ஏறினார்களா என்பதுதான் எங்கள் கேள்வி. பொம்பளைப் பிள்ளைகளைத் தேடுவது இன்னும் தூரம். எங்களில் இரண்டு பேர் பாடசாலையில் விளையாடியவர்கள், உயர்தரத்தோடு அவர்கள் இருவரின் பூட்ஸும் தம்பிமாருக்குப் போனது.

இப்போது நாங்கள் செய்வது சின்ன வேலைதான். அவரவர் தோட்டத்தில் டீம் பெயர், தொடங்கிய வருஷம், விளையாடிய கிரவுண்ட், இப்போது அந்த கிரவுண்டில் என்ன இருக்கிறது என்று எழுதி எடுக்கிறோம். தாத்தாமாரின் கொப்பி இருந்தால் படம் பிடிக்கிறோம். இதுவரை மூன்று கொப்பி கிடைத்திருக்கிறது. அடுத்த முறை ஜயதிலக்க மைதானத்தில் லயன்ஸுக்கு மெட்ச் என்றால், லிவர்பூல் ஜெர்சியோடு ஆனாலும் பரவாயில்லை, ஹட்டனில் இருந்து இருபது பேராவது இறங்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். ஜெர்சி விற்கிறார்களா என்று கேட்க அனுப்பியவன் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அப்படிக் கொப்பி இருந்தால், பழைய பேப்பர்காரனுக்குப் போடாமல் எங்களுக்குச் சொல்லுங்கள்.