சைனஸ் தொல்லையால் மணமும் சுவையும் மங்குகிறதா? காரணங்களும் கவனிக்க வேண்டியவையும்

அடுப்பில் பால் அடிப்பிடித்தாலும் தெரிவதில்லை. பெருங்காயம் தாளித்த பருப்பும் வெறும் உப்பும் புளிப்புமாகவே நாவில் படுகிறது. சைனஸ் அழற்சியால் அவதிப்படுவோர் பலர் இவ்வாறு கூறுவதுண்டு. மூக்கடைப்புக்கும் தலைவலிக்கும் மருத்துவரை நாடுவோர்கூட, மணம் அறியும் திறன் குறைவதைப் பெரிதாகக் கருதுவதில்லை. ஆனால் இது உணவின் இன்பத்தை மட்டும் பறிக்கும் குறை அன்று. சமையல் எரிவாயு கசிவதையும், உணவு கெட்டுப்போனதையும் முன்கூட்டியே உணர்த்தும் காவலை உடல் இழந்துவிடுகிறது என்பதே கவலைக்குரியது.

மணம் குறைந்தால் சுவையும் குறைவது ஏன்?

நெற்றி, கன்னம், கண்களுக்கு இடைப்பட்ட பகுதி, மூக்கின் பின்புற ஆழம் ஆகிய இடங்களில் எலும்புகளுக்குள் அமைந்துள்ள 4 இணைக் காற்றறைகளே சைனஸ் எனப்படுகின்றன. மணத்தை உணரும் நரம்புச் செல்கள், மூக்கின் உட்புற உச்சியில் உள்ள ஒரு சிறிய பரப்பில் அமைந்துள்ளன. மனிதர்களிடம் சுமார் 400 வகையான மண ஏற்பிகள் செயல்படுகின்றன. இந்த ஏற்பிகள் குறித்த ஆய்வுக்காகவே ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் ஆகியோருக்கு 2004-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சைனஸ் அழற்சியின்போது மூக்கின் உட்சவ்வு வீங்கிச் சளி தேங்குகிறது. சிலருக்குப் பாலிப் எனப்படும் சதைவளர்ச்சியும் தோன்றும். இதனால் மணத்தைச் சுமந்து வரும் காற்று உச்சிப் பரப்பை எட்டுவதில்லை. அழற்சி நீண்டகாலம் நீடித்தால் நரம்புச் செல்களும் பாதிக்கப்படலாம். மூக்கடைப்பு நீங்கிய பின்னரும் சிலருக்கு மணம் உடனே திரும்பாமல் போவதற்கு இதுவே காரணம்.

நாக்கு நேரடியாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய 5 அடிப்படைச் சுவைகளை மட்டுமே. ஏலக்காய், கொத்தமல்லி, நெய், மாம்பழம் ஆகியவற்றைப் பிரித்தறிய உதவுவது மணமே. உணவை மெல்லும்போது அதன் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைகிறது. சர்க்கரையும் உப்பும் நாவில் தெளிவாகத் தெரிந்து, காபியின் மணம் மட்டும் தெரியவில்லை எனில், குறை பெரும்பாலும் நாக்கில் இல்லை, மூக்கில்தான் உள்ளது.

எத்தனை நாள் பொறுத்திருக்கலாம்?

சளி, காய்ச்சலைத் தொடர்ந்து வரும் சைனஸ் அழற்சி பெரும்பாலும் வைரஸால் ஏற்படுவதாகும். அதற்கு ஆன்டிபயாடிக் மருந்துகள் பயன்தரா. 4 வாரங்களுக்குள் சீராகும் அழற்சி குறுகிய காலத் தொற்றாகக் கருதப்படுகிறது. 12 வாரங்களுக்கு மேல் நீடிப்பது நாள்பட்ட சைனஸ் அழற்சியாகும். மணம் குறைவது அதன் முதன்மை அறிகுறிகளுள் ஒன்று. ஒவ்வாமை, ஆஸ்துமா, புகைப்பழக்கம், காற்று மாசு ஆகியவை இதனைத் தீவிரமாக்கக்கூடும்.

மூக்கடைப்பே இல்லாமல் திடீரென மணம் மறைந்தால், வேறு வைரஸ் தொற்றும் காரணமாக இருக்கலாம். கொரோனா பரவலின்போது, மணம் மற்றும் சுவை இழப்பை 2020 ஜூன் மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் நோய் அறிகுறிகளின் பட்டியலில் சேர்த்தது குறிப்பிடத்தக்கது.

சிகிச்சை முறைகள்

நாள்பட்ட அழற்சிக்கு, மூக்கில் செலுத்தும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் அடிப்படைச் சிகிச்சைகளாகும். ஸ்பிரேயின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால், ஓரிரு நாட்களில் அதனைக் கைவிடுதல் கூடாது. மாறாக, அடைப்பை உடனே நீக்கும் சொட்டு மருந்துகளைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், அடைப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பும். மருந்துகளுக்குக் கட்டுப்படாத அழற்சிக்கும் பாலிப்புக்கும் எண்டோஸ்கோப்பி வழி அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படலாம்.

மூக்கைக் கழுவக் குழாய் நீரை அப்படியே பயன்படுத்துவது ஆபத்தானது. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கின் வழியாகவே உடலுக்குள் நுழைகிறது. கேரளத்தில் இத்தொற்றால் உயிரிழப்புகள் நிகழ்ந்துள்ளன. கொதிக்க வைத்து ஆறவைத்த நீர் அல்லது வடிநீரையே பயன்படுத்த வேண்டும். ஜல நேத்தி செய்வோருக்கும் இது பொருந்தும்.

மணப் பயிற்சி

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வின் வழியே மணப் பயிற்சி பரவலாக அறியப்பட்டது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய 4 மணங்களைக் காலையும் மாலையும் தனித்தனியே சில நொடிகள் மெதுவாக முகர வேண்டும். அப்போது அந்த மணத்தை நினைவில் கொண்டுவர முயல வேண்டும். குறைந்தது 12 வாரங்கள் இதனைத் தொடர்வது அவசியம். வைரஸ் தொற்றுக்குப் பின் மணம் இழந்தோருக்கே இதற்கான சான்றுகள் அதிகம். எனவே சைனஸ் நோயாளிகள் அழற்சிக்கான சிகிச்சையுடன் சேர்த்தே இப்பயிற்சியை மேற்கொள்ள வேண்டும்.

உணவிலும் சமையலறையிலும் கவனம்

சுவை தெரியவில்லை என்பதற்காக உப்பையும் சர்க்கரையையும் கூட்டுவது, இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளோருக்குத் தீங்கானது. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதுமானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு, மிளகு, புதினா, இஞ்சி ஆகியவற்றைச் சேர்க்கலாம். காரத்தையும் குளிர்ச்சியையும் உணர்த்துவது வேறொரு நரம்பு என்பதால், மணம் குறைந்தோராலும் அவற்றை அறிய முடியும். மொறுமொறுப்பு, நிறம், சூடு ஆகியவையும் உணவில் நாட்டத்தைக் கூட்டும்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை உணர்த்துவதற்காகவே அதில் மெர்காப்டன் என்னும் நாற்றமுள்ள சேர்மம் கலக்கப்படுகிறது. மணம் அறியாதவர் தனியாக வசிக்கும் வீட்டில் இந்த எச்சரிக்கை பயனற்றதாகிவிடும். எனவே கசிவு உணர்கருவியைப் பொருத்துவதும், சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுவதும் அவசியம். கசிவு ஏற்பட்டால் மின் சுவிட்சுகளைத் தொடாமல், கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, 1906 என்ற அவசர எண்ணை அழைக்கலாம். சமைத்த உணவின் மீது நாளைக் குறித்து வைப்பதும், சந்தேகம் எழுந்தால் வீட்டிலுள்ள மற்றொருவரை முகரச் செய்வதும் நல்லது.

உடனடியாக மருத்துவரை நாட வேண்டியது எப்போது?

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல் அல்லது இரட்டைப் பார்வை, கடும் தலைவலியுடன் காய்ச்சல், கழுத்து விறைப்பு ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு நோயாளிகளுக்கு மூக்கிலிருந்து கருநிறக் கசிவோ, முகத்தில் வீக்கமோ மரத்துப்போதலோ ஏற்பட்டால், அது 2021-இல் நாடெங்கும் அச்சுறுத்திய கருப்புப் பூஞ்சை நோயாகவும் இருக்கக்கூடும்.

ஒரு நாசியில் மட்டும் அடைப்பும் இரத்தக் கசிவும் தொடர்ந்தாலும் பரிசோதனை தேவை. ஒருபுறம் மட்டும் துர்நாற்றம் வீசினால், மேல் கடைவாய்ப் பற்களின் தொற்று கன்னச் சைனஸுக்குப் பரவியிருக்கலாம். இவ்வறிகுறிகள் இல்லாவிடினும், சளி நீங்கிச் சில வாரங்கள் கடந்தும் மணம் திரும்பவில்லை எனில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுக வேண்டும். அடைப்பாலும் அழற்சியாலும் ஏற்படும் மணக்குறை பலருக்கும் சிகிச்சையால் சீராகக்கூடியது என்பதால், அதனைப் பழகிக்கொண்டு வாழ வேண்டிய ஒன்றாகக் கருதத் தேவையில்லை.