கிரிப்டோ கணக்கு முடக்கம் (இந்தியா)

கிரிப்டோ நாணயம் வைத்திருப்பவர் அதை விற்கவோ பணமாக்கவோ முடியாதபடி எக்ஸ்சேஞ்ச், வங்கி, காவல்துறை ஆகியவற்றுள் ஒன்று தடுப்பது கணக்கு முடக்கம் எனப்படும்.

இந்தியாவில் இது வங்கிகளின் பக்கமிருந்து தொடங்கியது. 2013 டிசம்பரில் மெய்நிகர் நாணயங்கள் பற்றி மக்களை எச்சரித்த இந்திய ரிசர்வ் வங்கி, 2018 ஏப்ரல் 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மெய்நிகர் நாணயத் தொழிலில் ஈடுபடுவோருக்கு வங்கிகள் சேவை வழங்கக் கூடாது, ஏற்கெனவே வழங்குபவை மூன்று மாதத்துக்குள் விலக வேண்டும் என்றது அது. நாணயம் வைத்திருப்பது குற்றமாகவில்லை. அதை ரூபாயாக்கும் வழிதான் அடைபட்டது. முன்னணி எக்ஸ்சேஞ்சான ஜெப்பே அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியாவில் வணிகத்தை நிறுத்தியது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு சுற்றறிக்கையை ரத்து செய்தது. வங்கிகளுக்கு நேர்ந்த தீங்கு எதையும் ரிசர்வ் வங்கி காட்டாத நிலையில் தடை அளவுக்கு மிஞ்சியது என்பதே தீர்ப்பின் அடிப்படை. அதை எழுதியவர், முன்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த வெ. இராமசுப்பிரமணியன்.

தடைக்காலத்தில் பரவிய பி2பி விற்பனை, அதாவது இருவர் தங்கள் வங்கிக் கணக்குகள் வழியே நேரடியாகப் பணம் மாற்றிக்கொள்ளும் முறை, தடை நீங்கிய பின்னும் நீடித்தது. நேர்மையானவர்களை மிகுதியும் வதைக்கும் முடக்கம் இதில்தான் நேர்கிறது. பிறரை ஏமாற்றிப் பறித்த பணத்தைக் கொண்டு மோசடிக்காரர் நாணயம் வாங்குகிறார். பறிகொடுத்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ததும், பணம் போன தடத்திலுள்ள கணக்குகள் முடக்கப்படுகின்றன; ஏதுமறியாமல் விற்றவரின் கணக்கும் அதில் சிக்குகிறது. புகார் வேறு மாநிலத்தில் பதிவாகியிருந்தால், விடுவிக்கக் கோரி அங்குள்ள காவல் நிலையத்தை அணுக நேர்கிறது. வாங்குபவரின் சரிபார்க்கப்பட்ட பெயரும் பணம் அனுப்பும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லாவிடில் விற்பனையை மறுப்பதே இதற்குத் தக்க காப்பு. ஆர்டர் எண், உரையாடல், வங்கி அறிக்கை ஆகியவற்றைச் சேமித்துவைத்தால் பின்னர் சான்றாகும்.

2023 மார்ச் 7 முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எனவே அடையாளச் சரிபார்ப்பு (கேஒய்சி) முடிக்காத கணக்குகளும் ஐயத்துக்குரிய பரிமாற்றங்களும் எக்ஸ்சேஞ்ச் அளவிலேயே நிறுத்தப்படலாம்.

முடக்கம் மட்டுமின்றி, கணக்குத் திருட்டும் ஓர் ஆபத்து; அதைத் தடுக்க, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட ஆத்தென்டிகேட்டர் செயலி பாதுகாப்பானது. சிம் கார்டை மோசடியாக மாற்றி வாங்குபவரிடம் எஸ்எம்எஸ் சிக்கிவிடும். வாலட்டின் 12 அல்லது 24 மீட்புச் சொற்களை எந்த வாடிக்கையாளர் சேவையும் கேட்பதில்லை. முடக்கத்தை நீக்கித் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர் மோசடிக்காரரே. ஆனால் பயனர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் எக்ஸ்சேஞ்சே களவு போகலாம். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களை இழந்து, பயனர்கள் நாணயம் எடுப்பதை நிறுத்தியது. அதன் பயனர் ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கிரிப்டோ நாணயம் சொத்தே என்று கூறியது.