கண்ணோட்டம் என்னும் பழஞ்சொல்

இரக்கமுடைய மனிதரைச் சுட்டத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. அன்பர், அருளாளர், ஈரநெஞ்சினர், தண்ணளியாளர், வள்ளல் என அடுக்கிக்கொண்டே போகலாம். இவையனைத்தும் ஒருபொருட் சொற்களே என இன்று நாம் கருதுகின்றோம். முன்னோர் அங்ஙனம் கருதவில்லை. யார் இரங்குகிறார், யார்மீது இரங்குகிறார் என்பதை நோக்கியே சொல்லைத் தேர்ந்தனர். வள்ளுவப் பெருந்தகை அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்புடையார்மீது செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என வேறுபடுத்தினார் பரிமேலழகர்.

இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதாக ஒரு சொல் உண்டு. அதுவே கண்ணோட்டம். திருக்குறளின் 58ஆம் அதிகாரம் அது. அது நிற்கும் இடத்தை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அறத்துப்பாலில் அன்று, பொருட்பாலில், அரசியலில் நிற்கிறது. செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகிய மூன்றையும் அடுத்து, ஒற்றாடலுக்கு முன்னே இது வருகிறது. அதாவது, கையில் அதிகாரம் உடையவனுக்கு வேண்டிய இரக்கம் இது. பழகியவர் வந்து ஒன்று கேட்குங்கால் மறுக்கமாட்டாமையே கண்ணோட்டம் என்றும், கண் அவர்மேற் சென்றவிடத்து நிகழ்வதால் இப்பெயர் பெற்றது என்றும் பரிமேலழகர் விளக்குவார். ஆயினும் வள்ளுவர் இதற்கொரு வேலியும் இட்டார். செய்யும் தொழிலுக்குக் கேடு வராமல் கண்ணோடவேண்டும் என்றார். கோப்புகளோடு காலம் கழிக்கும் எம் போன்றார்க்கு இவ்வேலியின் அருமை நன்கு விளங்கும். வேண்டியவருக்காக விதியை வளைப்பது கண்ணோட்டமாகாது. விதி இடந்தரும் இடத்தில்கூட முகங்கொடுத்துப் பாராதிருப்பது ஆட்சியும் ஆகாது.

இத்தகைய சொல் இன்று என்ன ஆயிற்று? பொருளாதாரக் கண்ணோட்டம், வரலாற்றுக் கண்ணோட்டம் என்று வெறும் பார்வையைக் குறிக்கத் தேய்ந்துவிட்டது. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வரும் நாகரிகம் என்னும் சொல்லின் கதையும் இதுவே. அங்கு அது கண்ணோட்டத்தையே குறித்தது. நற்றிணையிலும் நாகரிகர் எனப்படுவோர், நண்பர் கொடுத்தால் நஞ்சையும் உண்ணத் துணிந்தவர்கள். இன்றோ உடையிலும் நடையிலும் நாகரிகத்தைத் தேடுகின்றோம்!

சொல் தேய்ந்தால் என்ன, பொருள் இருக்கிறதே என்பார் உளர். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். மத்திய அரசில் பணியிலிருக்கும்போது இறந்துபட்ட ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தரும் முறை உண்டு. அதற்குக் கருணை அடிப்படையிலான நியமனம் என்று பெயர். நேரடி நியமனத்திற்குரிய குரூப் ‘சி’ காலியிடங்களில் 5 விழுக்காடு இதற்கு உரியது. கருணை விதியிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால், மனுவை ஏந்தி மேசைதோறும் நடக்கும் கைம்பெண்ணைத் தலைநிமிர்ந்து பார்த்து, “உட்காருங்கள் அம்மா, இந்தச் சான்றிதழ் ஒன்று குறைகிறது” என்று சொல்வது எந்த விதியிலும் இல்லை. அதற்குத் தமிழில் இருந்த பெயரை நாம் வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டோம்.

பெங்களூரில் வாழும் நமக்கு ஒரு நற்பேறு உண்டு. நாம் இழந்தவற்றின் சாயலைப் பக்கத்து வீட்டில் கேட்கலாம். நாம் அக்கறை என்றால் பொறுப்புணர்ச்சியையே எண்ணுகிறோம். கன்னடத்தார் அக்கரெ என்றால் பாசம் என்பர். தாயன்பைத் தாயின் கருளு, அதாவது குடல், என்பர். பசிக்குச் சோறிட்டவரைக் கன்னட மூதாட்டியர் “ஹொட்டெ தண்ணகிரலி”, வயிறு குளிர்ந்திருக்கட்டும், என்று வாழ்த்துவர். நம் தண்ணளியும் ஈரமும் இதே குளிர்ச்சியிலிருந்து பிறந்த சொற்கள்தாமே! குளிர்நாட்டார்க்கு இரக்கம் வெம்மை. வெயிலில் வாடிய நமக்கோ அது குளிர்ச்சி. மார்கழியில் நடுங்கும் இந்நகரிலும் அவ்வாழ்த்து மாறாதது வியப்பே.

இந்நகரில் நம்மவர் ஒருவருக்கு வாய்த்த அடைமொழியையும் ஈண்டு நினைவுகூரலாம். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் அட்டார கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர். 1868இல் முடிந்த அக்கட்டடத்தில் இன்று உயர்நீதிமன்றம் இயங்குகிறது. பெயருக்குப் பொருள் பதினெட்டு அலுவலகங்கள் என்பது. ஆனால் அவர் பெயருக்கு முன் நிற்கும் பட்டம் ‘தர்மரத்னாகர’, அறமணிகளின் கடல் என்பதாகும். 1873இல் தண்டுப் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கென அவர் தொடங்கிய பள்ளி, பெரிய கல்வி அறக்கட்டளையாக வளர்ந்தது.

ஆள்வோரின் கண்ணோட்டத்துக்கும் அல்சூரில் ஒரு சான்று நிற்கிறது. 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக்கிடந்தது. கண்ணோட்டம் பாடியவரின் கண்களே மறைக்கப்பட்டிருந்தன. 2009 ஆகஸ்டு 9 அன்று அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு மாநில முதலமைச்சர்களும் இரு விழாக்களுக்கும் சென்றிருந்தனர்.