மலைமண்ணும் கழிமுகமும்



கந்தப்பளைக் குன்றுகளிற் பெய்யும் மழை, ஓடைகளாய் இறங்கி மகாவலி கங்கையைச் சேர்ந்து, திருகோணமலையின் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. ஆதலின் அக்கழிமுகத்தின் வரலாறு மலைமுகட்டிலேயே தொடங்குகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகப் பெருங்காடுகள் வீழ்ந்தன. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காத்தல் வேண்டுமென 1873இல் தாவரவியலறிஞர் யோசேப் ஹூக்கர் அறிவுறுத்தினார். 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தது, தேயிலை பரவியது. புல்லும் எஞ்சாது களை சுரண்டும் முறையோ தொடர்ந்தது. சுரண்டிய கைகள் நம் முன்னோருடையவை, கட்டளை அவர்களுடையதன்று. மூடாத சரிவுகளின் மேல்மண் மழையோடு போயிற்று.

1951இல் மண்பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஆயினும், 1990இல் நிறைவுற்ற ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் உமா ஓயா கொணரும் வண்டல் படிந்து வருகின்றது.

காடு மழைநீரை உள்வாங்கிச் சிறுகச் சிறுக விடும். மொட்டைச் சரிவு மாரியில் வெள்ளத்தையும் கோடையில் வறட்சியையும் அனுப்பும். கழிமுகத்துக் கண்டலும் இறாலும் வாழ, நன்னீரும் உவர்நீரும் அளவாய்க் கலத்தல் வேண்டும்.

எனவே, சமவுயரக் கான் வெட்டுதலும் ஓடைக்கரையில் மரம் நடுதலும் கடலோர மீனவர்க்கும் செய்யும் உதவியாம். அப்பணியைச் செய்யவேண்டிய தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலார்க்குத் தாம் வாழும் நிலத்தில் உரிமைப் பத்திரமில்லை. மண்ணைக் காக்கச் சொல்வோர், காப்பவர்க்கு அம்மண்ணில் உரிமையும் அளித்தல் முறையன்றோ?