மாட்டின் குணமும் மனிதர் கையும்

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் பலருக்கும் முயல் கதை நினைவுக்கு வரும். துரத்திய வேட்டை நாய்களை ஒரு முயல் எதிர்த்து நின்று விரட்டியதாம். அந்த மண்ணுக்கே வீரம் உண்டென்று அங்கே கோட்டை எழுப்பினார்களாம். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, தூத்துக்குடிக்கு குமாஸ்தா வேலைக்கு வந்து, இந்த ஊரில் பெண் எடுத்தவன். மண்ணின் குணம் என்ற பேச்சை நானும் நம்பினேன். அதனால் ஒரு பசுவுக்கு அநியாயம் செய்தேன்.

மாமியார் வீட்டில் ஒரு நாட்டுப் பசு நின்றது. கன்றை ஊட்டவிட்டு அத்தை உட்கார்ந்தால் ஒன்றரை லிட்டர் கறக்கும். வேறு யாரும் கிட்டே போக முடியாது. 1986இல் அத்தை காலமானார். என் மனைவி கறக்கப் போனாள், செம்பு பறந்தது. பின்னங்கால்களைக் கட்டினோம், அதட்டினோம். பசு பாலை அடக்கிக்கொண்டது. "முரட்டு மாடு, இந்த ஊர் மண் அப்படி" என்று சொல்லிச் சந்தைக்கு அனுப்பினேன். கேரளாவுக்குப் போகும் லாரியில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், "மாடு கெட்டதில்ல மாப்ளே, கை மாறிப் போச்சுல்லா" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஜெர்சி கலப்பினப் பசு வாங்கினோம். யார் கறந்தாலும் நின்றது. ஜெர்சி என்ற பெயர் எனக்குப் பள்ளியிலேயே பழக்கம். பிரான்ஸ் கரைக்கு அருகிலுள்ள அந்தச் சிறு தீவில்தான் விக்தோர் உய்கோ 1852 முதல் 1855 வரை நாடு கடந்து வாழ்ந்தார். ஓய்வு பெற்றபின் அந்தத் தீவின் மாடுகளைப் பற்றியும் படித்தேன். 1789இல் போட்ட சட்டத்தால் வெளி மாடுகளை அங்கே வளர்க்கக் கொண்டுவர முடியாதிருந்தது. சிறு குடியானவர்கள் பசுக்களை மேய்ச்சலில் கயிறு கட்டி, இடம் மாற்றி மாற்றிக் கட்டி, தினமும் கைபட வளர்த்தார்கள். சாதுவான பசு அப்படித்தான் உருவானது.

ஆனால் அதே இனத்தின் காளை, பால் மாட்டு இனக் காளைகளிலேயே மிகவும் ஆபத்தானது என்று பெயர் எடுத்தது. சினை ஊசி வந்தபின் நம் ஊர்க்காரர்கள் அந்தக் காளையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. நம் காங்கேயம் காளையோ ஏரிலும் வண்டியிலும் மனிதனோடு நாளெல்லாம் நடந்து பழகியது. முயல் வேட்டைக்கென வளர்த்த கன்னி, சிப்பிப்பாறை நாய்களும் அப்படித்தான். வளர்த்தவரோடு ஒட்டும், புதியவரிடம் ஒதுங்கும். நாம் எதற்காக வளர்த்தோம், எப்படிப் பழக்கினோம் என்பதே பாதிக் குணம்.

பால் அடக்குவதற்கும் காரணம் உண்டு. 1941இல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் பசுக்களைப் பயமுறுத்தியும், அட்ரினலின் ஊசி போட்டும் பார்த்தார்கள். இரண்டிலும் பால் இறங்குவது தடைப்பட்டது. பயந்த பசு, தானே நினைத்தாலும் பால் தர முடியாது.

அத்தையைக் காணாமல் மிரண்டு நின்ற பசுவின் காலைக் கட்டி, முரடு என்று பெயரும் வைத்தவன் நான். அத்தையின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, கன்றை முன்னே விட்டு, பத்து நாள் பொறுத்திருந்தால் பழகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று பெரியவர் சொன்ன ஒரு வரி எனக்கு விளங்க முப்பது வருடம் பிடித்தது.