உடைந்த மரக்கலம் யாருக்கு உரியது?

இடைக்காலத் துறைமுகம் என்றதும் பட்டும் முத்தும் கறுவாவும் குவிந்து கிடக்கும் காட்சியே நம்மிற் பலருக்கு நினைவில் எழும். அத்துறையை நாடி வந்த வணிகனின் நெஞ்சிலிருந்த அச்சத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. காற்று மாறி மரக்கலம் உடைந்தால், கரையொதுங்கும் சரக்கு யாருக்கு உரியது? கரையை ஆளும் அரசனுக்கே என்பதுதான் இந்துசமுத்திரத்தின் பல கரைகளில் நிலவிய வழக்கம். கடலுக்குத் தப்பியதைக் கரையிலே பறிகொடுக்க வேண்டியிருந்தது.

நேயர்களே, இந்தக் கேள்விக்கு நம் நாட்டில், அதுவும் தமிழிலே, கல்லிற் பொறித்த விடையொன்று உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள அக்கல்வெட்டின் வாசகத்தை 1963இல் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து வெளியிட்டார். பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. சிங்கள மன்னன் ஒருவன் துறைமுகச் சட்டத்தைத் தமிழில் எழுதுவித்தானெனில், அத்துறையில் வழங்கிய வணிக மொழி எதுவென்று விளக்க வேண்டியதில்லை.

பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையிலே, வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது ஆணை. அடுத்து வருவதுதான் சுவையானது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைய வணிகக் கலம் உடைந்தாலோ சரிபாதி பண்டாரத்துக்கு!

ஏன் இந்த வேறுபாடு? குதிரை இத்தீவில் விளையும் பொருளன்று. ஆனால் யானைக்குப் பேர்போன ஈழத்துக்கு யானையை யார் கொண்டுவருவார் என்று கேட்கத் தோன்றும். பர்மிய அரசன் யானை விற்பனையைத் தடுத்ததும் பராக்கிரமபாகு அந்நாட்டின்மீது படை அனுப்பியதற்கு ஒரு காரணம் எனச் சூளவம்சம் கூறுகிறது. ஆகவே வெளிநாட்டு யானைக்கும் இங்கே தேவை இருந்தது. படைக்கு வேண்டியதைக் கொணர்ந்தவனுக்குச் சலுகை. துணியோ பாக்கோ கொணர்ந்தவன் பாதியை இழக்கத்தான் வேண்டும். இதனைப் பெருந்தன்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் முழுவதையும் பறிகொடுத்துப் பழகிய வணிகனுக்குப் பாதியும் பெரிதே.

ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் ஓர் அபய சாசனம் பொறித்தான். முன்னைய அரசர்கள் உடைந்த கலங்களின் பொருளை வலிந்து பறித்தனர் என்று அதில் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்ளும் அவன், முப்பதில் ஒரு பங்கு சுங்கம் மட்டுமே போதும் என்கிறான்.

14ஆம் நூற்றாண்டில் மலபாரைக் கண்ட இபுனு பதூதா, அக்கரையில் கோழிக்கோட்டில் மட்டுமே உடைந்த கலத்தின் பொருள் உடையவனுக்கே விடப்பட்டது என்றும், அத்துறை செழித்தமைக்கு அதுவே காரணம் என்றும் எழுதினார். அவர் பயணஞ்செய்யவிருந்த பெருங்கலமே அக்கரையில் உடைந்தது. பொருளை அள்ள வந்தவர்களை அரச காவலர் அடித்து விரட்டினர். ஆனால் அவருடைய உடைமைகளை ஏற்றியிருந்த சிறு கலமோ உடையவுமில்லை, கரைக்கு வரவுமில்லை. அவரை மணலில் விட்டுவிட்டுப் பாய் விரித்து ஓடிவிட்டது.