செவிலியும் தோழியும்: மனநலச் செவிலியர் கல்வி வளர்ந்த வரலாறு

சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணைப் பாடல்களைப் பயின்றோர் வெறியாட்டு என்னும் துறையை நன்கறிவர். தலைவி மெலிகின்றாள், உணவு கொள்ளாள், அவள் கைவளை நெகிழ்கின்றது. மகளின் மாற்றத்தைக் கண்ட தாயும் செவிலியும் கலங்கி, இது முருகணங்கு எனக் கருதி வேலனை அழைக்கின்றனர். மறி அறுத்து வேலன் வெறியாடுகின்றான். நோயோ தீர்வதில்லை. தலைவியின் அருகிருந்து அவள் உள்ளத்தைக் கேட்டறிந்த தோழி அறத்தொடு நின்று உண்மையை உரைத்த பின்னரே வழி பிறக்கின்றது.

நோயின் குறியைக் காணும் கண் செவிலிக்கு இருந்தது. அதன் காரணத்தைக் கேட்கும் செவி தோழிக்கு இருந்தது. இவ்விரண்டையும் கல்வியால் ஒருவரிடத்தே சேர்ப்பதற்கு உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வரலாற்றை, நாம் குடியேறி வாழும் இம்மாநகரையும் நம் தாயகமாகிய தமிழகத்தையும் இணைத்து ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

கல்கத்தாவும் சென்னையும்

கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில், 1787-ஆம் ஆண்டு, கல்கத்தாவில் மனநோயாளர்க்கென ஓர் இல்லம் தொடங்கப்பெற்றது. ஏழாண்டு கழித்து, 1794-இல், சென்னையில் வாலண்டைன் கானலி என்னும் மருத்துவர் அத்தகைய இல்லம் ஒன்றை நிறுவினார். இவ்வகையில் நம் இரு நகரங்களும் தொடக்கத்திலேயே உடன்பிறப்புகள் ஆயின. ஆயினும் அந்நாளைய இல்லங்களில் இருந்தோர் காவலரே அன்றிச் செவிலியர் அல்லர். கதவைப் பூட்டுதல், சோறிடுதல், கட்டுக்கடங்காதாரைப் பிடித்து அடக்குதல் ஆகிய இவையே அவர்தம் பணிகள். அதற்குப் பயிற்சி எதற்கு என்று அக்காலத்தார் கருதினர்.

1871-ஆம் ஆண்டைச் சென்னை நகரம் நினைவிற் கொள்ள வேண்டும். அவ்வாண்டில் கீழ்ப்பாக்கத்தில் மனநோய் மருத்துவமனை 145 நோயாளிகளுடன் திறக்கப்பெற்றது. அதே ஆண்டில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் செவிலியரைப் பயிற்றும் திட்டமும் தொடங்கிற்று. ஒரே நகரில், ஒரே ஆண்டில் தோன்றிய இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1943-இல்தான் ஆண் செவிலிய மாணவர்க்கு, மகப்பேற்றுப் பயிற்சிக்கு ஈடாக, சென்னை மனநல மருத்துவமனையில் மூன்று மாதப் பயிற்சி வகுக்கப்பெற்றது. மனநோய்ப் பணிக்கு வேண்டுவது உடல்வலிமையே என்னும் பழைய எண்ணத்தின் சாயல் அதில் இருந்தது எனினும், அது நல்லதொரு தொடக்கமே.

மேலைநாடுகளும் இதில் வெகுதொலைவு முந்திவிடவில்லை. அமெரிக்காவில் மக்லீன் மருத்துவமனை 1882-இல் மனநோய்ச் செவிலியர்க்கென ஒரு பள்ளியை நிறுவியது. இங்கிலாந்தில் மனநோய் விடுதிப் பணியாளர்க்கு 1885-இல் ஒரு கைந்நூல் வெளிவந்து, 1891-இல் தேர்வும் நடந்தது. 1952-இல் ஹில்டகார்டு பெப்லாவ் என்னும் அமெரிக்கச் செவிலியம்மையார், செவிலிக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே மருந்தாகும் என்பதை ஒரு நூலாக எழுதி இத்துறைக்கு அடித்தளம் இட்டார். அதே ஆண்டில் பாரிசில் குளோர்புரோமசீன் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படலாயிற்று. மருந்து நோயாளியை அமைதிப்படுத்தியது. அமைதியுற்றவரோடு அமர்ந்து பேச, பயின்ற ஒருவர் தேவையானார்.

வங்கத்தின் பங்கு

வங்கத்தின் தொண்டை நாம் மறத்தல் கூடாது. கிரீந்திரசேகர போஸ் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை இந்நகரில் நிறுவினார். 1933-இல், இன்று ஆர்.ஜி.கர் எனப்படும் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், மனநோயாளர் நாள்தோறும் வந்து செல்லும் புறநோயாளர் பிரிவைத் திறந்தார். பொது மருத்துவமனையில் மனநோய்க்கு இடம் உண்டு என்பதை நாட்டுக்கு முதன்முதற் காட்டியது அதுவே. அவருடைய தமையனாரும், பரசுராம் என்னும் புனைபெயரால் வங்காளியர் யாவரும் அறிந்த எழுத்தாளருமான ராஜசேகர் அளித்த இல்லத்தில், 1940-இல் லும்பினி பூங்கா மனநல மருத்துவமனை தோன்றியது.

எனினும் பற்றாக்குறை பெரிது. 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் ஏறத்தாழ 40,000 மக்களுக்கு ஒரு மனநோய்ப் படுக்கையே இருந்ததை எடுத்துக்காட்டியது. இங்கிலாந்திலோ 300 பேருக்கு ஒன்று இருந்தது. அதே 1946-இல் தில்லியிலும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் செவிலியர்க்குப் பட்டப்படிப்புத் தொடங்கிற்று. வேலூர்ப் படிப்பு சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றி, விரைவிலேயே மனநலச் செவிலியர்க்குப் பட்டயப் படிப்பை அளித்தது. 1957-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் அமைந்த மனநல மையத்தில், நோயாளியோடு அவர்தம் குடும்பத்தாரும் உடன் தங்கும் முறை கைக்கொள்ளப்பெற்றது. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்க மருத்துவமனைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் சாரதா மேனன், பூட்டிய கதவுகளுக்குப் பின்னே மறுவாழ்வுப் பணிகளை வளர்த்தார். 1965-இல் இந்தியச் செவிலியர் மன்றம் மனநலச் செவிலியத்தைப் பட்டப்படிப்பின் கட்டாயப் பாடமாக்கியது.

இன்றைய கல்வி

பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றவர் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெறுகின்றார். அதன்பின் ஈராண்டு முதுநிலையில் மனநலச் செவிலியத்தைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளலாம். இங்கிலாந்தில் இளநிலையிலேயே இத்துறைக்குத் தனிப்பட்டம் உண்டு. நம் நாட்டில் முதலில் முழுச் செவிலியர், அதன்பின்னரே மனநலச் செவிலியர். மேற்கு வங்கத்தில் இப்படிப்புகள் 2003-இல் செயற்படத் தொடங்கிய மாநில நலவாழ்வுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்துள்ளன.

மாணவியர் கற்பது யாது? நோயாளியின் நடை, பேச்சு, எண்ணம், நினைவு ஆகியவற்றை முறையாக ஆராய்ந்து எழுதுதல்; தாம் நோயாளியோடு உரையாடியதைச் சொல்லுக்குச் சொல் பதிந்து, எவ்விடத்தில் கேளாது பேசினோம் என ஆசிரியர்முன் ஆராய்தல்; மருந்தினால் கை நடுங்கினும் கழுத்து இழுப்பினும் உடனே கண்டறிதல்; உயிரை மாய்த்துக்கொள்ளக் கருதுவாரைக் குத்தாத சொல்லால் வினவி, அகலாது காத்தல்; குடிப்பழக்கத்தினின்று மீள்வார்க்குத் துணைநிற்றல்; நோயாளி வீடு திரும்பியபின் குடும்பத்தார்க்கு வழிகாட்டுதல். இவற்றுள் ஒன்றேனும் காவலர் தொழில் அன்று.

சட்டங்களின் பெயர்களே வரலாறு கூறும். 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பித்தரைப் பற்றியது. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் மனநலத்தைப் பற்றியது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநலப் பராமரிப்பைப் பெறும் உரிமையைப் பற்றியது. இக்கடைசிச் சட்டத்தில் மனநலச் செவிலியர் யார் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. இடையில் நாம் கண்ட துயரங்களும் உண்டு. குற்றம் ஏதும் புரியாத மனநோயாளர் மேற்கு வங்கச் சிறைகளில் அடைக்கப்பட்டிருந்ததை 1993-இல் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். அங்கே வேலன் இருந்தான், தோழி இல்லை.

நம் குடும்பங்களுக்கு ஒரு சொல்

வங்காளத்தில் ஒருவரை எள்ளி நகையாட 'ராஞ்சி' என்பர். தமிழகத்தில் 'கீழ்ப்பாக்கம்' என்பர். மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரே வசைச்சொல் ஆயிற்று. நம் பெண் ஒருத்தி இத்துறையைப் பயில விரும்பினால், "வேறு படிப்பே இல்லையா? பித்தரோடு பழகினால் ஆபத்தன்றோ? நாளை வரன் வரவேண்டாமா?" என்று கேட்கின்றோம். மனநோயாளருள் மிகப்பெரும்பாலோர் பிறரைத் தாக்குவோர் அல்லர். பிறரால் துன்புறுவோரே மிகுதி. பணி கடினமானது என்பது மெய்யே. இரவுப்பணி உண்டு, ஆட்பற்றாக்குறையும் உண்டு. ஆயினும் அக்கடுமை எல்லாச் செவிலியப் பணிக்கும் பொதுவானது. 2015-16-இல் மேற்கு வங்கமும் தமிழகமும் உள்ளிட்ட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோயால் வருந்துவதையும், அவருள் பெரும்பாலோர் மருத்துவமே பெறாததையும் காட்டியது. அப்பத்துப் பேர் நம் காலனியிலும் இருப்பர்.

மற்றொன்றும் உண்டு. இத்துறையின் கருவி மொழி. ஐம்பதாண்டு இந்நகரில் அலுவல் புரிந்து வங்காளியும் இந்தியும் ஆங்கிலமும் சரளமாய்ப் பேசிய பெரியவர், முதுமையில் நினைவு தளரும்போது பின்னர்க் கற்ற மொழிகளை ஒவ்வொன்றாய் இழந்து, தாய்மொழிக்கே திரும்புவது உண்டு. அந்நேரத்தில் மருத்துவமனைக் கட்டிலருகே 'என்ன தாத்தா?' என்று கேட்க ஒரு தமிழ்க்குரல் வேண்டாமா? வங்காளியும் தமிழும் ஒருங்கே அறிந்த நம் மக்களைவிட அதற்குத் தகுதியுடையார் யாவர்?

ஆதலின் இவ்வாண்டு பள்ளியிறுதித் தேர்வு எழுதும் மகளோ மகனோ இக்கல்வியை நாடினால், பெற்றோர் தடை சொல்லாது வாழ்த்தி அனுப்புக. வீட்டில் எவரேனும் உறக்கமும் ஊணும் இழந்து தனித்திருப்பின், அதனை மறைக்காது மருத்துவரை நாடுக. 14416 என்னும் அரசின் தொலைபேசி எண்ணில் தமிழிலும் வங்காளியிலும் ஆலோசனை கிடைக்கின்றது. நோக்குவதற்குச் செவிலியும் கேட்பதற்குத் தோழியும் நம் குடியிலிருந்தே தோன்றுவாராக!